கிளினிக்கில் எடுக்கும் இரத்தம் எதைத் தேடுகிறது?

“சின்னம்மா, என்னில சந்தேகப்பட்டோ எயிட்ஸ் ரெஸ்ற் எடுத்தவை?”

வன்னியில் மல்லாவிப் பக்கம் இருக்கும் என் பெறாமகள், முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது கேட்ட கேள்வி இது. கிளினிக்கில் இரத்தம் எடுத்த அன்றிரவு முழுக்க அவள் கண் மூடவில்லை. மனுசனுக்குச் சொல்லவும் பயம். கொஞ்ச நாள் கழித்து, புதுக்குடியிருப்பில் எனக்குத் தெரிந்த இன்னொரு பிள்ளைத்தாச்சி தன் கர்ப்பப் பதிவேட்டை நீட்டி, “ரிஸ்க் எண்டு எழுதிப்போட்டினம் அக்கா, இந்தப் பிள்ளையும் தங்காது போல” என்று அழுதாள். மூன்றாவது ஒருத்தி நேர்மாறு. “எனக்கு எல்லாம் நெகற்றிவ். இனிக் கிளினிக் போய் என்ன?” என்றாள்.

மூவரும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்கள்தான். ஆனால் ஆபத்துக் காரணி வேறு, நோய் வேறு, நோய் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது வேறு என்பதை அவர்களுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும் கிளினிக் நாளில் அதற்கு நேரமும் கிடைப்பதில்லை. அதைத்தான் இங்கே ஆறுதலாக எழுதப் பார்க்கிறேன்.

குளக்கட்டில் பழைய உடைப்பு

மாரி தொடங்கிக் குளம் நிறைய வெளிக்கிட்டால் குளக்கட்டில் ஆட்கள் நடக்கத் தொடங்குவார்கள். முன்னொரு வருசம் உடைத்து அடைத்த இடம், புற்று எழும்பின இடம், பட்டுப்போன மரத்தின் வேர் ஓடின இடம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த இடம் உடைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. கட்டாயம் உடையும் என்றும் சொல்வதில்லை. மற்ற இடத்தை ஒருக்கால் பார்த்தால், அந்த இடத்தை மூன்று தரம் பார்ப்பார்கள். பக்கத்தில் மண்மூட்டையும் அடுக்கி வைத்திருப்பார்கள்.

ஆபத்துக் காரணி என்பது அந்த இடம்தான். ஒரு சிக்கல் வரும் வாய்ப்பை மற்றவர்களைவிடக் கூட்டுகிற ஏதோ ஒரு நிலைமை. அது அந்தச் சிக்கலே இல்லை, விதியும் இல்லை. 20 வயதுக்குக் குறைவு, 35க்கு மேல், உயரம் 145 சென்ரிமீற்றரைவிடக் குறைவு, முன்னர் வயிற்றில் கத்தி வைத்துப் பிள்ளை எடுத்தது, முன்னைய பிள்ளை வயிற்றிலேயே இறந்தது, இரட்டைப் பிள்ளை, பிரஷர், சீனி வருத்தம், இரத்தச் சோகை என்று அந்தப் பட்டியல் போகும். இரத்தச் சோகை என்றால் ஒட்சிசனைக் காவும் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின், ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் கீழே இறங்கியிருப்பது. இதில் உயரத்தையும் வயதையும் மாற்ற முடியாது. சோகையை மாற்றலாம். அதனால்தான் இரும்புச்சத்துக் குளிசையை வீட்டு அலமாரியில் சேர்த்து வைக்காமல் குடிக்கச் சொல்கிறார்கள்.

புதுக்குடியிருப்புப் பெண்ணின் கொப்பியில் ரிஸ்க் என்று எழுதியதற்குக் காரணம், அவளுடைய முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தவறியது. பழைய உடைப்பு. அந்தச் சொல் அவளுக்குச் சொல்லவில்லை. அடுத்ததாகக் கொப்பியைத் திறக்கப்போகிற டொக்டருக்குச் சொல்கிறது. “இவரைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள், நிபுணரிடம் அனுப்புங்கள், ஸ்கானைத் தள்ளிப்போடாதீர்கள்” என்பதுதான் அதன் அர்த்தம். என்னைக் கேட்டால் ‘ஆபத்து’ என்ற சொல்லே இதற்குப் பொருந்தாது. ‘கவனக் காரணி’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கு அவள் அழுதிருக்க மாட்டாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காரணி இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் சுகமாகப் பெறுகிறார்கள். எந்தக் காரணியும் இல்லாத ஒருத்திக்குப் பிரசவ நேரத்தில் இரத்தப்போக்கு வந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் ரிஸ்க் இல்லாதவர்களையும் ஆஸ்பத்திரியில் பெறச் சொல்கிறார்கள். வன்னியில் இருக்கிறவர்களுக்குத் தூரத்தையும் நான் ஒரு காரணியாகவே எண்ணுவேன். ஐயன்கன்குளத்திலோ கொக்கிளாயிலோ இருக்கிற ஒருத்திக்கு மார்கழி மழையில் எந்தப் பாதை வெள்ளத்தில் மூடும், இரவில் யாருடைய வாகனம் கிடைக்கும் என்பதை எட்டாம் மாதத்துக்கு முன்னமே வீட்டில் பேசி வைக்கவேண்டும். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கம் வீட்டில் எல்லோருடைய போனிலும் இருக்கவேண்டும்.

இதுவரைக்கும்: ஆபத்துக் காரணி என்பது கூடக் கவனம் வேண்டும் என்ற குறிப்பு. அது இருந்தால் கூடத் தரம் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

டிடெக்டர் கத்தினால் கீழே மிதிவெடியா?

இனி என் பெறாமகளின் கேள்விக்கு வருகிறேன். வன்னியில் இதை விளக்குவதற்கு மிதிவெடி அகற்றுகிற வேலையைவிட நல்ல உதாரணம் இல்லை. முகமாலைப் பக்கம் அந்த வேலை செய்த எங்கள் பெண்களைக் கேட்டுப்பாருங்கள். சிவப்புப் பலகை நட்ட காணி என்றால் சந்தேகமான மூலையை மட்டும் பார்ப்பதில்லை. காணி முழுவதையும் கயிறு கட்டிப் பிரித்து, அடி அடியாகப் பார்ப்பார்கள். டிடெக்டர் கத்தினால் கீழே வெடி இருக்கிறது என்று முடிவு கட்டுவதுமில்லை. டிடெக்டருக்குத் தெரிவது உலோகம் மட்டும்தான். ஆணியாக இருக்கலாம், செல் துண்டாக இருக்கலாம், மீன் ரின்னாக இருக்கலாம். கத்தின இடத்தில் ஒரு அடையாளம் வைத்து, முழங்காலில் இருந்து, மெல்ல மெல்லக் கிண்டிப் பார்த்த பிறகுதான் அது என்னவென்று எழுதுவார்கள்.

கிளினிக்கில் எடுக்கும் இரத்தமும் இதே மாதிரித்தான். எந்தக் குறியும் இல்லாத எல்லோரையும், ஆள் பார்க்காமல், ஒரு நோய்க்காகச் சோதிப்பதற்குப் பெயர் முன்பரிசோதனை. ஆசிரியை, கூலிக்குப் போகிறவர், டொக்டரின் மனைவி எல்லோருக்கும் ஒரே குழாய்தான். சிலரை மட்டும் தெரிவு செய்து எடுத்தால்தான் அது சந்தேகம். எல்லோருக்கும் எடுப்பதால்தான் யாருக்கும் அவமானம் இல்லை. எதற்காக எடுக்கிறார்கள் என்று கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும்கூட உங்களுக்கு உரிமை இருக்கிறது. மறுக்க வேண்டாம் என்பது என் மன்றாட்டம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் சோதனை ‘பொசிற்றிவ்’ என்றால் டிடெக்டர் கத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு வேறு முறையில், கூடத் துல்லியமாகச் செய்யும் சோதனைக்குப் பெயர் உறுதிப்படுத்தும் பரிசோதனை. கிண்டிப் பார்ப்பது அதுதான். அது முடியும்வரை அந்த நோய் உங்களுக்கு இருக்கிறது என்று சொல்ல யாராலும் முடியாது.

ஏன் இப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக நானே கற்பனையாக எடுத்த எண்கள் இவை. 10,000 பிள்ளைத்தாச்சிகள். அவர்களில் உண்மையில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. சோதனை அந்த 10 பேரையும் பிடித்துவிடும். ஆனால் நோய் இல்லாத 100 பேரில் ஒருவருக்குப் பிழையாகப் பொசிற்றிவ் காட்டும். மிச்சம் 9,990 பேரில் கிட்டத்தட்ட 100 பேருக்கு அப்படிப் பிழையாகக் கத்தும். மொத்தம் 110 பேருக்குப் பொசிற்றிவ். அதில் 100 பேருக்கு ஒன்றுமே இல்லை. நோய் எவ்வளவு அரிதோ, முதல் அலாரம் பொய்யாக இருக்கும் வாய்ப்பும் அவ்வளவு கூட. இலங்கையில் வளர்ந்தவர்களில் எச்.ஐ.வி உள்ளவர்கள் ஆயிரத்தில் ஒருவரைவிடக் குறைவு. அதனால் இந்தக் கணக்கு எங்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

வி.டி.ஆர்.எல் என்று கொப்பியில் ஒரு வரி இருக்கும். சிபிலிஸ் என்ற பாலியல் தொற்றைத் தேடும் சோதனை அது. சிபிலிஸ் கிருமி உடம்பின் கலங்களைச் சேதப்படுத்தும்போது ஒருவகைக் கொழுப்புப் பொருள் வெளியே கசியும். அதற்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருளைத்தான் வி.டி.ஆர்.எல் பிடிக்கிறது. கிருமியை நேரே அது பார்ப்பதில்லை. வேறு தொற்றிலும், சில மூட்டு வருத்தங்களிலும், சும்மா கர்ப்பத்தினாலேயும்கூட அந்தப் பொருள் இரத்தத்தில் வரலாம். உலோகத்தைப் பிடித்த டிடெக்டர் மாதிரித்தான். எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு இப்படி ஒரு தாளை, ஒரு சொல்லும் சொல்லாமல் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உறுதிப்படுத்தும் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வர, இடையில் இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையில் அந்தக் குடும்பத்தில் நடந்த சண்டையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு வலிக்கிறது. “இது முதல் சோதனைதான், இன்னொன்று பார்க்கவேண்டும்” என்ற ஒரு வசனம் போதுமாயிருந்திருக்கும்.

இதுவரைக்கும்: முன்பரிசோதனை எல்லோருக்கும். பொசிற்றிவ் என்றால் கிண்டிப் பார்க்கவேண்டிய இடம். முடிவு சொல்வது இரண்டாவது சோதனை.

வேலியும் கடப்பும்

தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் ஒன்றாகக் கலந்து ஓடுகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நடுவில், பிள்ளைக்குப் பிறகு விழுகிற நஞ்சு இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகம் சூல்வித்தகம் என்று சொல்வதும் இதைத்தான். அது ஒரு கிடுகு வேலி போல. காற்றும் வெளிச்சமும் வரும், ஆடு மாடு வராது. ஒட்சிசனும் சாப்பாட்டுச் சத்தும் தாயின் எதிர்ப்புப் பொருள்களும் அந்த வேலிக்குள்ளால் பிள்ளைக்குப் போகும். பெரும்பாலான கிருமிகள் வேலியோடு நின்றுவிடும்.

சில கிருமிகள் வேலியைப் பிரித்துக்கொண்டு போகும். சிபிலிஸ் அப்படி, ருபெல்லா என்ற ஜேர்மன் சின்னமுத்து அப்படி. வேறு சில, வேலிக்கு வெளியே காத்திருந்து, கடப்புத் திறக்கிற நேரம் பார்த்து உள்ளே போகும். எச்.ஐ.வியும் ஹெப்பரைற்றிஸ் பி என்ற ஈரல் தொற்றும் பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் பிள்ளைக்குத் தொற்றுகின்றன. எச்.ஐ.விக்குத் தாய்ப்பால் என்ற இன்னொரு வழியும் இருக்கிறது.

இந்த வழி தெரிந்தால் சிகிச்சையின் நேரமும் விளங்கிவிடும். சிபிலிசுக்குப் பென்சிலின் ஊசி, விலை குறைந்த பழைய மருந்து. ஆனால் பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னமே போட்டிருக்கவேண்டும். சிகிச்சை இல்லாமல் விட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம், குறையோடு பிறக்கலாம். எச்.ஐ.வி உள்ள தாய்க்கு ஒன்றுமே செய்யாவிட்டால் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 வீதம். தாய் தினமும் குளிசை எடுத்தால் அது 5 வீதத்துக்கும் கீழே போகும். ஹெப்பரைற்றிஸ் பி உள்ள தாயின் பிள்ளைக்குப் பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் ஊசி போடவேண்டும். பிறக்கும்போது அந்தத் தொற்று வந்துவிட்டால் 10 பிள்ளைகளில் 9 பேருக்கு அது வாழ்நாள் முழுக்க நிலைக்கும்.

சோதனையை மறுக்க வேண்டாம் என்று நான் மன்றாடியது இதனால்தான். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை இல்லாமல் செய்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஒவ்வொரு கிளினிக்கிலும் எல்லோரிடமும் எடுத்த அந்தக் குழாய்கள்தான் அதைச் செய்தன.

ருபெல்லாவின் கதை வேறு. அவுஸ்திரேலியாவில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர், கண்ணில் வெண்படலத்தோடு பிறந்த பிள்ளைகள் திடீரென்று கூடியதைக் கண்டு, அவர்களின் தாய்மாருக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததை 1941இல் எழுதினார். முதல் 12 கிழமைக்குள் கண்ணும் காதும் இருதயமும் உருவாகிக்கொண்டிருக்கும்; அந்த நேரத்தில் வந்தால்தான் பெரிய சேதம். கர்ப்பத்தில் இதற்குச் சிகிச்சை இல்லை, தடுப்பூசியும் போட முடியாது, ஏனென்றால் அது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி. அதனால் கலியாணத்துக்கு முன்னம் ஊசி அட்டையைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் போட்டுவிட்டு, பிள்ளைக்கு ஒரு மாதமாவது பொறுத்திருங்கள்.

சலத்தில் ஒளிந்திருப்பது

சலச் சோதனையைத்தான் எல்லோரும் அலட்சியப்படுத்துகிறார்கள். எங்கள் பக்கத்தில் அதிகம் தேவைப்படுவதும் இதுதான்.

சலக்கடுப்பு வந்தால் “உடம்புச் சூடு, இளநி குடி” என்பார்கள். இளநி குடிப்பதில் பிழையில்லை. ஆனால் பல பேருக்கு அது சூடு இல்லை, கிருமி. கர்ப்பத்தில் சுரக்கும் ஓமோன்கள் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயைத் தளர்த்திவிடும். வளர்கிற கர்ப்பப்பை மேலிருந்து அமத்தும். வாய்க்கால் அடைபட்டால் தண்ணி தேங்கிப் பாசி பிடிக்கிற மாதிரி, சலம் தேங்க, கிருமி பெருகும். ஒரு எரிவும் இல்லாமலேயே 100 பேரில் 2 முதல் 10 பேருக்கு இப்படிக் கிருமி இருக்கும். சும்மா விட்டால் அவர்களில் சிலருக்கு அது சிறுநீரகத்துக்கு ஏறி, குலைப்பன் காய்ச்சலும் நாரிக்குத்தும் வந்து, பிள்ளை நாளுக்கு முன்னமே பிறக்கலாம். குறி ஒன்றும் இல்லாததால் சோதித்தால் மட்டுமே தெரியும். கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய குளிசைகள் இருக்கின்றன.

வயலில் நாற்று நடப் போனால் பொழுதுபடும்வரை ஒதுங்க இடமில்லை. கிளிநொச்சிக்குப் பஸ்ஸில் போனாலும் அதே கதி. அதற்காகவே தண்ணி குடிக்காமல் இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். கர்ப்ப காலத்தில் இரண்டும் கூடாது: தண்ணியைக் குறைப்பதும், சலத்தை அடக்குவதும். சலம் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து றிப்போட்டைக் குழப்பும்.

சோதனைக்கு அகப்படாத இரண்டு

எலிக்காய்ச்சலுக்கு முன்பரிசோதனை கிடையாது. எலியின் சலம் கலந்த வயல் தண்ணியும் சேறும் காலில் இருக்கும் சின்ன வெடிப்பால் உள்ளே விடும் கிருமி அது. வயலுக்குப் போகிறவர்களுக்குச் சுகாதாரப் பரிசோதகர்கள் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பார்கள். அதைப் பிள்ளைத்தாச்சி குடிக்கக்கூடாது. பிள்ளையின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும். மனுசனுக்குக் கொடுத்த குளிசையைப் பங்குபோட வேண்டாம். காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. டெங்கும் இதே மாதிரித்தான் தொடங்கும் என்பதால், காய்ச்சலுக்குப் பனடோல் தவிர வேறு நோக் குளிசை எதையும் கடையில் வாங்க வேண்டாம்.

மற்றது கொப்புளிப்பான். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் வீடுகளில் இதை நோய் என்று சொல்லவே தயங்குவார்கள். அம்மாள் வந்திருக்கிறா, மருந்து கூடாது என்பார்கள். அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன், நானும் வேப்பிலை கட்டின வீட்டில் வளர்ந்தவள்தான். ஆனால் வளர்ந்தவர்களுக்கு, அதிலும் பிள்ளைத்தாச்சிக்கு, இது நெஞ்சுக்குள் இறங்கி நியூமோனியாவாகலாம். பிரசவத்துக்கு 5 நாட்களுக்கு முன்னிருந்து 2 நாட்கள் பின்வரைக்கும் தாய்க்கு வந்தால் பிள்ளைக்கு உயிர் ஆபத்து. தாயின் எதிர்ப்புப் பொருள் வேலியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போக முன்னமே கிருமி போய்விடும். கொப்புளம் தெரிந்து 24 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். வீட்டில் யாருக்கும் வந்தாலே குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். பொங்கலும் வைக்கலாம், மருந்தும் குடிக்கலாம்.

“பாரிசில பாக்கினம், இங்க ஏன் இல்லை?”

வெளிநாட்டில் இருக்கும் அக்காமார் போனில் கேட்கும் கேள்வி இது. பிரான்சில் டொக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்கு மாதாமாதம் இரத்தம் பார்ப்பது நெடுங்கால வழக்கம். கனடாவில் 35க்கும் 37க்கும் இடைப்பட்ட கிழமையில் ஒரு பக்ரீரியாவுக்குப் பஞ்சுக்குச்சியால் எடுத்துப் பார்ப்பார்கள். பிரித்தானியாவில் இந்த இரண்டும் வழக்கமில்லை. ஒரு நோயை எல்லோரிடமும் தேடுவதற்கு முன் என்னென்ன கேட்கவேண்டும் என்று 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிவைத்தார்கள். நோய் முக்கியமானதா, சோதனை நம்பத்தக்கதா, கண்டுபிடித்தால் செய்ய ஏதாவது இருக்கிறதா என்பவை அவற்றில் சில. விடை நாட்டுக்கு நாடு மாறும்.

இதை விளங்காமல், பிள்ளை ஒன்று தவறியவுடன் தனியார் லாப்பில் காசைக் கொட்டி ‘டோர்ச்’ என்ற கூட்டுச் சோதனை செய்கிறவர்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். அந்தத் தாளில் ஐ.ஜி.ஜி என்றும் ஐ.ஜி.எம் என்றும் இரண்டு வரி இருக்கும். இரண்டும் உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்புப் பொருள்கள். ஐ.ஜி.ஜி தழும்பு: எப்போதோ வந்து மாறியது, பெரும்பாலும் பாதுகாப்பு. ஐ.ஜி.எம் பச்சைப் புண் மாதிரி, அண்மையில் வந்தது என்று காட்டும். ஆனால் அதுவும் மாதக்கணக்கில் நிற்கும், பிழையாகவும் வரும். தழும்பைப் பார்த்துப் பயந்து மருந்து தேடி ஓடியவர்களைக் கண்டிருக்கிறேன். டொக்சோபிளாஸ்மாவுக்கு நீங்களே செய்யக்கூடியது சோதனையைவிடப் பெரியது: இறைச்சியை நன்றாக வேகவிடுங்கள், பூனைக் கழிவை வேறு யாராவது அள்ளட்டும், தோட்டத்து மண்ணை அளைந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

நெகற்றிவ் எவ்வளவு நாளைக்கு?

கிருமி உள்ளே போனவுடன் சோதனை அதைப் பிடிக்காது. எதிர்ப்புப் பொருள் உருவாகக் கொஞ்சக் காலம் எடுக்கும், எச்.ஐ.விக்குச் சில கிழமை முதல் 3 மாதம்வரை. இந்த இடைவெளிக்குப் பெயர் மறைகாலம். அதனால் நெகற்றிவ் என்பது இரத்தம் எடுத்த நாளுக்குக் கொஞ்சம் முன்னர்வரைக்குமான பதில். பிறகு ஏதாவது தொற்றும் வாய்ப்பு இருந்திருந்தால் திரும்பச் சோதிக்கவேண்டும். பாலியல் தொற்றுக்குச் சிகிச்சை எடுத்தால் கணவரும் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும்.

ஒரு சோதனை தான் தேடுவதைத்தான் தேடும், வேறு எதையும் பார்க்காது. “எல்லாம் நெகற்றிவ்” என்று சொன்ன மூன்றாவது பெண்ணை நான் எட்டாம் மாதத்தில் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஒரு நோவும் இல்லை, கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. குடும்பநல உத்தியோகத்தர் கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்தார்: 150/100. நம்பாமல் ஆறுதலாக இருக்கவிட்டு இன்னொருக்கால் பார்த்தார். பிறகு சலத்தில் புரதம் பார்த்தார், இருந்தது. கர்ப்பத்தில் வரும் ஆபத்தான பிரஷர் வருத்தத்தின் அடையாளங்கள் இவை. அன்று பின்னேரமே அவளை வாகனம் பிடித்து முல்லைத்தீவுக்கு அனுப்பினோம்.